சொன்ன நேரம்

புதுப்பேட்டையில் தஸ்தகீர் பானட்டைத் திறந்து சொன்னார்:
"இந்த இன்ஜின் நேரா நிக்காதும்மா,
பொறக்கும்போதே சாஞ்சது."
ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில்
படிக்கட்டில் ஆள் தொங்கும் இருபத்தொன்பது சி போல
ஒருபக்கமாய்ச் சரிந்து.
ஆறு வாய்க்கும் ஒரே கார்புரேட்டர்,
பெரிய பந்திக்கு ஒற்றைக் கரண்டி.

அறுபத்தாறாம் வருட வேலியன்ட்.
அமெரிக்காவில் இதைச் சின்னக் கார் என்பார்களாம்.
எங்கள் ஓட்டேரிச் சந்தில் திரும்பும்போது
மூன்று வீட்டுக் கோலத்தை மிதிக்கும்.

எடை குறைக்க
ஸ்டெப்னியை இறக்கினேன், ஜாக்கியை இறக்கினேன்,
பின் சீட்டைக் கழற்றி ஹாலில் போட்டேன்.
அண்ணன் எமர்சன் அதில் கால் நீட்டிச்
செய்தி பார்க்கிறான்.
"வண்டியில இருந்ததுலயே உருப்படி இதுதான்" என்கிறான்.

மீஞ்சூருக்கு அப்பால்
இன்னும் ரிப்பன் வெட்டாத சாலை.
ஞாயிறு விடியல். கால் மைலுக்குச் சுண்ணாம்புக் கோடு.
முன்னிரவில் பெய்து ஓய்ந்த மழை.
சாலை காய்ந்துவிட்டது, குளிர் போகவில்லை.
எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பல் வாடைகூட
இன்னும் எழுந்திருக்கவில்லை.

விதி இது:
உன் வண்டி எத்தனை நொடியில் ஓடும் என்று
நீயே கண்ணாடியில் எழுத வேண்டும்.
மெதுவான வண்டி முதலில் கிளம்பும்,
வேகமானது காத்திருந்து துரத்தும்.
ஆனால் எழுதியதைவிடச் சீக்கிரம் வந்துவிட்டால்
நீ அவுட்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ரத்த அணு எண்ணுகிறவள் நான்.
எட்டு ஞாயிறு ஓட்டிக் குறித்த நோட்டு கையில்.
சாக்பீஸால் எழுதினேன்: 18.40.
பக்கத்து வெள்ளைப் போலோவில் தருணேஷ்
15.20 என்று எழுதிவிட்டு
என் எண்ணைப் பார்த்துச் சிரிக்கவில்லை.
அதுதான் எரிச்சல்.
துக்க வீட்டில் செருப்பைக் கழற்றும்போது ஆட்டுவார்களே
அப்படி ஒரு தலையாட்டல்.

பச்சை.
எனக்கு மட்டும் பச்சை.
மூன்று நொடி, மேலே ஒரு கீற்று,
மொத்தச் சாலையும் என் பேரில் பட்டா.
வண்டி துள்ளவில்லை.
மூட்டை தூக்குகிறவன் போல முதலில் ஒரு மூச்சு,
பிறகு விடவேயில்லை.
அந்தக் குளிர்காற்றை ஆறு வாயும் அள்ளி விழுங்க
இத்தனை நாள் குறில் குறிலாய் இருமிக்கொண்டிருந்தது
ஒரே நெடிலாக நீண்டது.

கண்ணாடியில் போலோ ஒரு வெள்ளைப் புள்ளி.
பிறகு சட்டைப் பொத்தான்.
பிறகு முகம்.

அப்போதே தெரிந்துவிட்டது,
கடிகாரத்துக்கு முன்னால் வயிற்றுக்கு:
சொன்னதைவிட வேகமாகப் போகிறோம்.
பெடலில் ஒரு விரற்கடை தளர்த்தினால் போதும்.
கெட்டிக்காரர்கள் அதைத்தான் செய்வார்கள்.
கோட்டுக்கு முன் சின்னதாய் ஒரு பிரேக்,
வாக்கும் நிற்கும், கப்பும் வரும்.

ஆனால் அது
ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.
பாதி வாக்கியத்தில்
வாயை மூடு என்று எப்படி?

கோட்டை முதலில் தாண்டியது நான்தான்.
சீட்டில் 18.31.
"முந்தி வந்துட்டீங்க, தோத்துட்டீங்க" என்றார்
நேரம் பார்க்கும் எத்திராஜ்,
தானே தப்புச் செய்ததுபோல் பேனாவை மூடிக்கொண்டு.
தருணேஷ் கப்போடு வந்து கேட்டான்,
"கால எடுத்திருக்கலாமேக்கா?"
மறந்துபோச்சு என்றேன்.
மறக்கவில்லை.

வீட்டில் எமர்சன் திரும்பாமலே கேட்டான்,
"ஜெயிச்சியா?"
"கொஞ்சம் நகரு."
பின் சீட்டில் பாதி கொடுத்தான்.
ஸ்பிரிங் முனகியது. என் உள்ளங்காலில்
இன்னும் அந்த நெடில்.
நோட்டைத் திறந்து 18.40-ஐ அடித்தேன்.
பக்கத்தில் எதையும் எழுதவில்லை.

டிவியில் வரைபடம், வங்கக்கடல், ஒரு சுழி.
"அடுத்த ஞாயிறும் மழையாம்" என்றான்.